துருக்கிக்குத் தூதுவிட்ட திப்பு

மைசூருக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர் எவரும் முதல் மாதத்திற்குள் பார்த்துவிடும் இடங்கள் மூன்று. சாமுண்டி மலை ஒன்று, அரண்மனை ஒன்று, பத்துக் கல் தொலைவில் காவிரித் தீவில் இருக்கும் சீரங்கப்பட்டணம் மற்றொன்று. முதல் இரண்டும் உடையார் மரபின் பெருமையைச் சொல்வன. மூன்றாவதோ, அந்த மரபைத் திரைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு 1761 முதல் 1799 வரை முப்பத்தெட்டு ஆண்டுகள் இந்நாட்டை ஆண்ட தந்தை, மகன் இருவரின் கதையைச் சொல்வது. தந்தை ஐதர் அலி. மகன் திப்பு சுல்தான்.

திப்புவை அறியாதார் யார்? ஆங்கிலேயரோடு மைசூர் நடத்திய நான்கு போர்களையும் ஆண்டு தவறாமல் ஒப்பித்துத் தேர்வு எழுதியவர்கள்தாமே நாமெல்லாம்! ஆனால் பாடநூல்கள் ஒரே வரியில் தாண்டிப் போகும் செய்தி ஒன்று உண்டு. 1786-ஆம் ஆண்டு இந்த மைசூர்ச் சீமையிலிருந்து துருக்கிப் பேரரசின் தலைநகரை நோக்கி ஒரு தூதுக்குழு புறப்பட்டது. பக்கத்தில் நிசாம் இருந்தான், மராட்டியர் இருந்தனர், கடற்கரையில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இருந்தனர். இவர்களையெல்லாம் தாண்டி, முகம் காணாத ஓர் அரசனிடம், கடல் கடந்து ஆள் அனுப்ப வேண்டிய தேவை என்ன வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், திப்புவின் வாழ்க்கை முழுவதுமே அந்த விடைக்குள் அடங்கிக் கிடப்பதைக் காணலாம்.

நான் இயற்பியல் படிப்பவன். நடந்தது எது என்பதோடு நில்லாமல், ஏன் நடந்தது என்று கேட்பது என் படிப்பு எனக்குத் தந்த பழக்கம். எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். எங்கள் ஊர் மலைக்கோட்டையும் இந்தத் தீவுக் கோட்டையும் ஒரே ஆட்சியின் இரு முனைகளாக இருந்த காலம் உண்டு. அந்த உறவை எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பிறப்பும் பெயரும்

ஐதர் அலி அரச குடியில் பிறந்தவன் அல்லன். கோலார்ப் பக்கத்து பூதிக்கோட்டையில் பிறந்து, மைசூர்ப் படையில் சாதாரணப் படைவீரனாகச் சேர்ந்து, தேவனஹள்ளி முற்றுகையில் பெயர் பெற்று, படிப்படியாக உயர்ந்தவன். எழுதப் படிக்கத் தெரியாதவன். ஆனால் ஆளை எடைபோடத் தெரிந்தவன். 1755-இல் திண்டுக்கல்லின் ஆட்சித் தலைவனாக அனுப்பப்பட்டான். பாளையக்காரரை அடக்கியதும், பிரெஞ்சுக்காரரின் துணையோடு படைக்கலச் சாலை அமைத்ததும் எங்கள் ஊரில்தான். அங்கே திரட்டிய வலிமையே அவனை ஆறு ஆண்டுகளில் மைசூரின் தலைமைக்கு உயர்த்தியது எனலாம். வேலு நாச்சியார் நாடிழந்து வந்து அடைக்கலம் தேடியதும் ஐதர் ஆண்ட அந்தத் திண்டுக்கல் சீமையில்தான்.

திப்பு 1750 நவம்பர் 20 அன்று தேவனஹள்ளியில் பிறந்தான். அந்தப் பெயரே தமிழ்நாட்டு மண்ணிலிருந்து போனது என்பதை நம்மில் பலர் அறியார். ஆர்க்காட்டில் அடக்கமாகியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியா என்ற பெரியாரின் நினைவாகவே பிள்ளைக்கு அப்பெயர் இட்டனர். எழுத்தறியாத தந்தை மகனுக்குப் பாரசீகமும் அரபியும் கன்னடமும் கற்பித்தான்; குதிரையேற்றமும் வாட்போரும் பழக்கினான். முதற் போர் தொடங்கிய 1767-இல், பதினேழு வயதுகூட நிரம்பாத திப்பு, குதிரைப் படையோடு சென்னையின் புறநகர்வரை வந்து கும்பினியாரைக் கலங்க அடித்தான்.

அப்போரின் முடிவில், 1769-இல், சென்னை வாயிலில் நின்றுகொண்டு ஐதர் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டான். ஒருவருக்கு இடர் வந்தால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அடுத்த ஆண்டே மராட்டியர் மைசூர்மேல் பாய்ந்தனர். ஆங்கிலேயர் வரவில்லை. திப்பு கற்ற அயல்நாட்டு அரசியலின் முதற்பாடம் அதுவே.

இரண்டாம் பாடம் விரைவில் வந்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையைத் தந்தையும் மகனும் முறியடித்தனர். 1782-இல் கொள்ளிடக் கரையில் பிரெயித்வெயிட்டின் படையைத் திப்பு தனித்து நின்று வென்றான். இவ்வெற்றிகளைப் பேசும்போது நாம் மறக்கக் கூடாதது ஒன்று: அந்தப் போர்களின் களம் தமிழ்நாடு. எரிந்த ஊர்கள் தமிழர் ஊர்கள். பாழான வயல்கள் தஞ்சைச் சீமை வயல்கள். ஐதரின் குதிரைப்படை போன வழியில் குடிகள் பட்ட துன்பம் பெரிது. அரசர்களின் பகை குடிகளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

1782 டிசம்பரில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சித்தூருக்கு அருகில் ஐதர் பாசறையில் இறந்தான். மலையாளக் கரையில் இருந்த திப்பு விரைந்து வந்து படைக்குத் தலைமை ஏற்றான். மறு ஆண்டு ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானம் செய்துகொண்டன. அந்தச் செய்தி எட்டியவுடன், மங்களூர் முற்றுகையில் திப்புவின் பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரர் படையை விலக்கிக்கொண்டனர். நண்பன் என்று நம்பியவன் தன் நாட்டு நலனுக்காகக் களத்தின் நடுவே கைவிட்டான். ஆயினும் திப்பு தளரவில்லை. 1784 மார்ச்சு 11 அன்று மங்களூர் உடன்படிக்கை ஏற்பட்டது. சென்னையிலிருந்து ஆங்கிலத் தூதர்கள் திப்புவின் இடம் தேடி வந்து கையொப்பமிட்ட உடன்படிக்கை அது.

அரியணை யாருடையது?

இனித்தான் நம் கேள்விக்கு வருகிறோம். போர்க்களத்தில் திப்பு அரசன். ஆனால் சட்டப்படி அவன் யார்?

ஐதர் தன் வாழ்நாள் முழுவதும் அரசன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சர்வாதிகாரி என்ற பதவிப் பெயரோடு நின்றான். உடையார் குலத்துப் பிள்ளை ஒருவரைப் பெயருக்கு அரசராக வைத்திருந்து, ஆண்டுக்கொரு முறை தசரா விழாவில் மக்களுக்குக் காட்டிவந்தான். இன்று நாம் வேடிக்கை பார்க்கும் இதே தசராதான், அன்று நாட்டின் சட்டபூர்வத் தலைவர் யார் என்பதை நினைவூட்டும் நாளாக இருந்தது. பழைய அரசியான இலட்சுமி அம்மணி அரண்மனைக்குள் இருந்தபடியே தம் குலத்தின் உரிமையை மீட்கத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். 1782-இல் அவருடைய ஆளான திருமலை ராவ் தஞ்சையில் இருந்துகொண்டு ஆங்கிலேயரோடு இரகசிய உடன்படிக்கையே செய்துவிட்டார். ஐதர் வீட்டை ஒழித்து உடையாரை மீண்டும் அமர்த்த வேண்டும்; அதற்கு ஈடாகப் பொருள் தரப்படும் என்பது அதன் சாரம்.

வெளியிலும் இதே நிலைதான். நிசாமுக்கும் ஆர்க்காட்டு நவாபுக்கும் தில்லிப் பாதுஷாவின் பட்டயம் இருந்தது. மராட்டியப் பேஷ்வாவுக்குச் சிவாஜி குலத்து அரசரின் பெயர் இருந்தது. வாணிகக் கும்பினிக்குக்கூட தில்லி கொடுத்த திவானி உரிமை இருந்தது. திப்புவிடம் வாள் மட்டுமே இருந்தது. நிசாம் குடும்பத்தோடு திருமண உறவு கொள்ள அவன் விரும்பியபோது, குலத்தைக் காட்டி மறுத்துவிட்டனர் என்று சொல்வதுண்டு. தில்லியில் ஆள் வைத்துப் பட்டம் பெற முயன்றான். பகைவர்களின் கை அங்கே ஓங்கியிருந்ததால் அதுவும் பலிக்கவில்லை.

தந்தையைப் போல் திரைக்குப் பின்னால் ஆளும் பொறுமை திப்புவுக்கு இல்லை. 1786-இல் தன்னைப் பாதுஷா என்று அறிவித்தான். பள்ளிவாசல்களின் வெள்ளிக்கிழமைக் குத்பாவில் தில்லி அரசரின் பெயரை நீக்கித் தன் பெயரைச் சேர்த்தான். நாணயத்திலும் தில்லியின் பெயர் இல்லை. புதிய நாட்காட்டி செய்தான். புலியைத் தன் அரசின் சின்னமாக்கி, அரியணையிலும் ஆடையிலும் பீரங்கி வாயிலும் புலிக்கோட்டைப் பொறித்தான். புதிய ஆட்சிக்குப் புதிய அடையாளம் தேட அவன் எடுத்த பாடு இவ்வளவும்.

ஆனால் அடையாளம் என்பது தானே சொல்லிக்கொண்டால் போதுமா? பிறர் ஒப்ப வேண்டும். தில்லி ஒப்பவில்லை. தில்லிக்கு மேலே முஸ்லிம் உலகில் தலைமை கொண்டாடியவர் ஒருவரே இருந்தார். அவரே கலீபா என்று பெயர் தாங்கிய துருக்கி சுல்தான். தூது புறப்பட்ட காரணம் இதுதான்.

நான்கு கப்பல்கள்

1786 மார்ச்சில் கன்னடக் கரையின் ததடி என்னும் துறையிலிருந்து நான்கு கப்பல்கள் பாய் விரித்தன. குலாம் அலி கான் முதலான தூதுவர்களும், எழுத்தர்களும், படைவீரரும், பணியாட்களுமாக ஏறத்தாழ 900 பேர் அவற்றில் சென்றனர். பரிசுப் பொருள்களோடு, வழியில் விற்றுச் செலவுக்குப் பணமாக்கச் சந்தனமும் மிளகும் ஏலமும் துணியும் ஏற்றினர். திப்பு தூதையும் வாணிகத்தையும் ஒரே கப்பலில் அனுப்பியது அவன் இயல்பைக் காட்டுவது. மஸ்கட்டில் அவனுக்கு ஏற்கெனவே பண்டசாலை இருந்தது.

தூதுவர்கள் கேட்கச் சென்றவை எவை? அரசன் என்ற ஒப்புதல் முதலாவது. ஆங்கிலேயருக்கு எதிரான படைத்துணை இரண்டாவது. பஸ்ரா துறைமுகத்தைக் குத்தகைக்குக் கொடுத்தால், அதற்கு ஈடாக மங்களூரில் துருக்கிக்கு உரிமை தருவதாகச் சொன்னது மூன்றாவது. துப்பாக்கி செய்வோர், கண்ணாடி வார்ப்போர், கடிகாரம் செய்வோர் முதலிய கைவினைஞரை அனுப்ப வேண்டியது நான்காவது. வள்ளுவர் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார் அல்லவா? அதில் அவர் தூதனுக்கு வேண்டும் என்று சொல்லும் பண்புகளையெல்லாம் சோதிக்கும் பயணமாக இது அமைந்தது. கப்பல்கள் சேதமுற்றன, ஆட்கள் பலர் கடலிலும் நோயிலும் மாண்டனர். பஸ்ராவில் பல மாதங்கள் காத்துக் கிடந்து, பாலை வழியாக நடந்து, 1787 செப்டம்பரில்தான் எஞ்சியோர் இஸ்தான்புல் சேர்ந்தனர். நவம்பரில் சுல்தான் முதலாம் அப்துல் அமீதின் முன் நின்றனர்.

அவர்கள் போய்ச் சேர்ந்த வேளை எப்படிப்பட்ட வேளை! துருக்கிக்கு அப்போது தன் வீட்டுக் கவலையே தலைக்குமேல் இருந்தது. 1774-இல் உருசியாவிடம் தோற்றுக் கிரிமியாவின்மேல் இருந்த ஆட்சியை இழந்திருந்தது. அங்கிருந்த முஸ்லிம்களுக்குச் சமயத் தலைவர் என்ற உரிமை மட்டும் சுல்தானுக்கு மிஞ்சியது. 1783-இல் உருசியா கிரிமியாவையே விழுங்கிவிட்டது. முஸ்லிம்களின் நாட்டைக் காக்க முடியாதவர் கலீபாவா என்று தலைநகரில் முணுமுணுப்பு எழுந்தது. போர் வேண்டும் என்ற கட்சி வலுத்தது. தலைமை அமைச்சரும் அக்கட்சியே. 1787 ஆகஸ்டில் துருக்கி உருசியாமேல் போர் அறிவித்தது. அந்தப் போரில் ஆங்கிலேயரின் நல்லெண்ணம் துருக்கிக்கு வேண்டியிருந்தது. அப்படியிருக்க, ஆங்கிலேயரை எதிர்த்து மைசூருக்கு எப்படி உதவுவார்கள்?

ஆகவே துருக்கி தனக்குச் செலவில்லாததைக் கொடுத்தது. செலவு வைப்பதை மறுத்தது. திப்பு தனியரசன் என்ற ஒப்புதலும் பரிசுகளும் கிடைத்தன. படையும் இல்லை, பஸ்ராவும் இல்லை. தூதுவர்கள் எகிப்து வழியாகவும் மெக்கா, மதீனா வழியாகவும் சுற்றி, 1789 இறுதியில் கள்ளிக்கோட்டையில் வந்திறங்கினர். போனவருள் திரும்பியவர் மிகச் சிலர்.

இதில் நான் காணும் உண்மை ஒன்று உண்டு. மைசூர் தன் உள்வீட்டுத் தேவைக்காக வெளிநாட்டுக்குப் போயிற்று. துருக்கி தன் உள்வீட்டுத் தேவைக்காக வந்தவரைத் திருப்பி அனுப்பிற்று. இரண்டு அரசுகளும் சமயத்தின் பெயரால் பேசின. இரண்டும் தத்தம் அரியணையை எண்ணியே முடிவு செய்தன.

இக்குணம் துருக்கியை விட்டு இன்றும் போகவில்லை. பேரரசு மறைந்து 1923-இல் குடியரசு தோன்றியது; மறு ஆண்டே கலீபா பதவியை ஒழித்து, ஐரோப்பியர் போன்ற மதச்சார்பற்ற நாடு என்ற புது அடையாளத்தை முஸ்தபா கெமால் தேடித் தந்தார். அந்த அடையாளத்தின் வழியே துருக்கி 1952-இல் மேற்கு நாடுகளின் படைக்கூட்டான நேட்டோவில் சேர்ந்தது. ஆனால் 2003-இல் ஈராக்மேல் படையெடுக்க அமெரிக்கா வழி கேட்டபோது, துருக்கிப் பாராளுமன்றம் இசைவு தரவில்லை. மக்களின் எதிர்ப்பு அவ்வளவு வலிது. 2022-இல் ஐக்கிய நாட்டு அவையில் தன் பெயரையே தன் மொழியில் உள்ளபடி துருக்கியே என்று மாற்றிப் பதிந்துகொண்டது. நான் யார் என்று வீட்டுக்குள் நடக்கும் வழக்கின் தீர்ப்பே வெளியுறவாக வெளிப்படுகிறது.

பிரான்சின் வாயிலில்

துருக்கிக் குழு திரும்புமுன்பே திப்பு மற்றொரு குழுவைப் பிரான்சுக்கு அனுப்பியிருந்தான். முகம்மது தர்வேஷ் கான் முதலிய மூவர் 1787-இல் நம் புதுச்சேரியிலிருந்து கப்பலேறினர். 1788 ஆகஸ்டு 10 அன்று வெர்சேல்சு அரண்மனையில் பதினாறாம் லூயி அவர்களை ஆடம்பரமாக வரவேற்றான். பாரிசு நகரமே அவர்கள் உடையை வேடிக்கை பார்க்கத் திரண்டது. ஆறு நாள் கழித்து, அதே அரசின் கருவூலம் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்க முடியாமல் நின்றது. அடுத்த ஆண்டு புரட்சி வெடித்தது. தூதுவர்கள் பீங்கான் பரிசுகளோடும், கைவினைஞர்களோடும், விதைகளோடும் திரும்பினர். படைத்துணை மட்டும் வரவில்லை. அங்கும் வீடு பற்றி எரியும்போது விருந்தாளியாகப் போனது மைசூர்.

வீட்டுக்குள் பகை

வெளியே நண்பரைத் தேடிய திப்பு, உள்ளே நண்பரைச் சேர்த்தானா? இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது.

அவன் ஆட்சியின் நிதிப் பொறுப்பைச் சுமந்தவர் பூர்ணையா என்ற பிராமணர். அவன் கோட்டைக்குள்ளேயே அரங்கநாதர் கோயிலில் பூசை நின்றதில்லை. 1791-இல் மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையடித்தபோது, சிலையை மீண்டும் நிறுவப் பொருள் உதவியவன் திப்பு. மடத்துத் தலைவருக்கு அவன் கன்னடத்தில் எழுதிய கடிதங்கள் கிடைத்துள்ளன. பட்டுப்பூச்சி வளர்ப்பை இந்நாட்டில் பரப்பியவன். இன்று நம் தாய்மார் விரும்பும் மைசூர்ப் பட்டுக்கு அங்கே வேர் உண்டு.

அதே திப்புதான் குடகரையும் மலையாளத்து நாயர்களையும் கூட்டங்கூட்டமாக ஊர் பெயர்த்தான், மதம் மாற்றினான். மங்களூர்க் கிறித்தவர்கள் ஆங்கிலேயருக்கு உதவினர் என்ற ஐயத்தால் 1784-இல் அவர்களைக் குடும்பத்தோடு சீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் சென்று சிறைப்படுத்தினான். வழியிலும் சிறையிலும் இறந்தோர் பலர். தமிழ் பேசும் மேலுக்கோட்டை மண்டயம் ஐயங்கார்களில் பல குடும்பத்தார் நரக சதுர்த்தசியை இன்றும் கொண்டாடுவதில்லை. திருமலை ராவின் உறவினர் என்ற குற்றத்திற்காகத் தம் முன்னோர் அந்நாளில் கொல்லப்பட்டனர் என்பது அவர்கள் வழிவழிச் செய்தி. இவற்றை மறைத்துத் திப்புவைப் பாடுவோரும் நேர்மையாளர் அல்லர். முன் சொன்னவற்றை மறைத்து அவனைத் தூற்றுவோரும் நேர்மையாளர் அல்லர்.

அரசியலாகப் பார்த்தாலும் இச்செயல்களின் விலை பெரிது. 1789 டிசம்பரில் திப்பு திருவிதாங்கூர் எல்லையைத் தாக்கினான். திருவிதாங்கூர் ஆங்கிலேயரின் நட்பு நாடு. காரன்வாலிசு நிசாமையும் மராட்டியரையும் சேர்த்துக்கொண்டு முப்புறமும் சூழ்ந்தான். அப்போது மலையாளக் கரையிலும் குடகிலும் திப்புவால் நொந்தவர்கள் ஆங்கிலேயர் பக்கம் நின்றனர். துருக்கியில் நண்பரைத் தேடியவனுக்குத் தலைச்சேரிப் பாதையில் நண்பர் இல்லை.

1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கை. நாட்டில் பாதி போயிற்று. 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் தண்டம். பணம் தீரும்வரை பத்து வயதுக்குட்பட்ட மைந்தர் இருவர் பிணை. அந்தச் சிறுவர்கள் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, 1794-இல்தான் தந்தையிடம் திரும்பினர். திண்டுக்கல்லும், சேலம், கிருட்டிணகிரி, தருமபுரி அடங்கிய பாராமகாலும் கும்பினிக்குப் போனது அப்போதுதான். நம்மில் அவ்வூர்களிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்! நம் மாவட்டங்கள் சென்னை மாகாணத்தில் சேர்ந்ததும், நாம் இன்று இம்மாநிலத்தில் வெளியூரார் ஆனதும் அந்த ஒரு தாளில் தொடங்கிய கதைதான்.

இரும்புக் குழாய்

அறிவியல் மாணவன் திப்புவைப் பற்றி எழுதிவிட்டு, அவன் வாணங்களைச் சொல்லாமல் விடலாமா? வாணம் முன்பும் இருந்தது. தாளிலும் மூங்கிலிலும் செய்த உறை அதற்கு. மைசூரார் இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்தனர். இரும்பு வெடிக்காமல் தாங்குவதால் உள்ளே அழுத்தம் மிகுகிறது. அழுத்தம் மிகுந்தால் வெளியேறும் வளியின் வேகம் மிகுகிறது. வேகம் மிகுந்தால் எதிர்த்திசை உந்தலும் மிகுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைப் போர்க்களத்தில் செய்து காட்டியதாக இதைக் கருதலாம். நீண்ட மூங்கில் கழி திசை காக்கும். பொள்ளிலூரில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் எரிந்ததற்கு இந்த வாணங்களே காரணம் என்பர். தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் அப்போர்க் காட்சி முழுவதும் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளது.

சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இவ்வாணங்கள் இங்கிலாந்து போயின. அங்கே வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆராய்ந்து புதுவாணம் செய்தார். 1807-இல் கோபன்கேகன் நகரம் அதனால் எரிந்தது. அமெரிக்காவின் வாலப்சுத் தீவு ஏவுகணை நிலையத்தில் மைசூர் வாணப் போரின் ஓவியம் ஒன்றைக் கண்டு வியந்ததாக, இராமேசுவரத்து மைந்தர் அப்துல் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார். 2018-இல் சிவமொக்கா மாவட்டத்து நகர என்னும் ஊரில் தூர்ந்த கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட வாணக் குழாய்கள் எடுக்கப்பட்டன. துருக்கியிடமும் பிரான்சிடமும் கைவினைஞரைக் கேட்டவனின் சொந்தக் கொல்லரே உலகம் வியக்கும் வேலை செய்திருந்தனர் என்பது எண்ணத்தக்கது.

கலீபாவின் கடிதம்

1796-இல் பெயரளவில் அரசராக இருந்த சாமராச உடையார் இறந்தார். திப்பு வேறு எவரையும் அவ்விடத்தில் அமர்த்தவில்லை. இலட்சுமி அம்மணியின் ஆட்களோ ஆங்கிலேயரிடம் முறையிட்டுக்கொண்டே இருந்தனர். திப்பு ஆப்கானிய அரசன் சமான் ஷாவுக்குத் தூதனுப்பினான். மொரீசியத் தீவுக்கும் ஆள் அனுப்பினான். அங்கிருந்த பிரெஞ்சுத் தலைவன் 1798 சனவரியில் இரகசியம் காக்காமல் பறைசாற்றிவிட்டான். கிடைத்த ஆட்களோ நூறுகூட இல்லை. வெல்லெசுலிக்குப் போர் தொடுக்கக் காரணம் மட்டும் கிடைத்தது.

அவ்வாண்டே நெப்போலியன் எகிப்தில் இறங்கினான். எகிப்து துருக்கியின் நாடு. உடனே துருக்கியும் இங்கிலாந்தும் ஓரணி ஆயின. சுல்தான் மூன்றாம் செலீம் திப்புவுக்கு ஒரு கடிதம் எழுதினார்: பிரெஞ்சுக்காரரை நம்பாதே, ஆங்கிலேயரோடு பகை வேண்டாம் என்பது அதன் கருத்து. அந்தக் கடிதத்தைத் திப்புவிடம் சேர்ப்பித்தவர் யார்? வெல்லெசுலி! பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எந்த வாயிலில் அரசுரிமை கேட்டு நின்றானோ, அந்த வாயிலிலிருந்தே அவன் பகைவரின் கையில் அறிவுரை வந்து சேர்ந்தது. திப்பு மரியாதை குறையாமல் பதில் எழுதினான். ஆங்கிலேயர் இந்நாட்டில் செய்தவற்றை அதில் அடுக்கினான். நெப்போலியன் அவனுக்கு எழுதிய கடிதமோ வழியிலேயே ஆங்கிலேயரிடம் சிக்கிவிட்டது.

1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து ஆரிசின் படை புறப்பட்டது. மேற்கிலிருந்து இன்னொரு படை வந்தது. நிசாமின் படையும் சேர்ந்துகொண்டது. ஏப்ரலில் காவிரித் தீவு முற்றுகையிடப்பட்டது. கோட்டைச் சுவரில் பிளவு விழுந்தது. மே 4 பிற்பகலில் பகைவர் ஆற்றைக் கடந்து ஏறினர். திப்பு தப்பி ஓடவில்லை, சரணடையவும் இல்லை. படைவீரரோடு நின்று போரிட்டு, வாயில் ஒன்றின் அருகே பிணக்குவியலின் நடுவே விழுந்தான். வயது நாற்பத்தெட்டு. மறுநாள் தாய் தந்தையரின் அருகே அடக்கம் செய்யப்பட்டான்.

வெற்றி பெற்ற கும்பினி முதலில் செய்தது என்ன? ஐந்து வயதுக் கிருட்டிணராச உடையாரைத் தேடிப்பிடித்து மைசூரில் முடிசூட்டியது. திப்பு எந்த மரபை மறக்கச் செய்ய விரும்பினானோ, அதையே ஆங்கிலேயர் தம் ஆட்சிக்கு மறைப்பாக்கிக்கொண்டனர். பூர்ணையா அமைச்சராகவே தொடர்ந்தார். திப்புவின் மைந்தர் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806 சூலை 10 அன்று வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, கோட்டையில் மைசூர்க் கொடியை ஏற்றினர். கிளர்ச்சி ஒரே நாளில் நசுக்கப்பட்டது. மைந்தர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

நாம் எண்ண வேண்டியது

தோழர்களே! திப்புவின் பெயர் இம்மாநிலத்தில் இன்றும் அமைதியாக உறங்கவில்லை. 2015-இல் அரசு அவன் பிறந்தநாளை விழாவாக்கியது; 2019-இல் வேறு அரசு அதை நிறுத்தியது. பெங்களூருக்கும் மைசூருக்கும் ஓடும் திப்பு விரைவு இரயில் 2022-இல் உடையார் விரைவு இரயிலாகப் பெயர் மாறியது. நம் விடுதி உணவுக் கூடத்திலேகூட இதைப் பற்றி வழக்கு நடப்பதைக் கேட்கிறோம். ஐதரும் உடையாரும் தொடங்கிய பழைய வழக்கு இது. இந்த நாடு யாருடையது, இங்கே உரியவர் யார் என்ற வழக்கு.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இந்த வழக்கில் பக்கம் சேர்வது எளிது. முழுக்கதையையும் தாங்கிக்கொள்வதுதான் கடினம். பொள்ளிலூர் வெற்றியையும் எரிந்த தமிழ்ச் சிற்றூரையும், சிருங்கேரிக் கடிதத்தையும் மங்களூர்ச் சிறையையும் ஒரே மனத்தில் வைத்துப் பார்க்கப் பழக வேண்டும். படித்தவர் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் தகுதி அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

திப்புவின் வீரத்தை நான் வணங்குகிறேன். அந்நியர் நோக்கத்தை இந்திய அரசர் எவரையும்விடத் தெளிவாக அவன் கண்டான் என்றும் நம்புகிறேன். எனினும் அவன் வாழ்க்கை நமக்குச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. அருகில் இருப்பவர் தர வேண்டிய ஒப்புதலைத் தொலைவில் இருப்பவர் தர முடியாது. இஸ்தான்புல் தந்த பட்டத்தை ஏந்திக் கப்பல் திரும்பிய அதே நாட்களில், குடகும் மலையாளமும் அவனை அரசன் என்று ஏற்க மறுத்துக்கொண்டிருந்தன. கன்னடம் பேசும் பக்கத்து அறை மாணவனின் நட்பைப் பெறாமல், ஊரில் இருப்போரின் பாராட்டை மட்டும் எண்ணி இங்கே காலம் கழிக்கும் நம் சிலருக்கும் இது பொருந்தும். கன்னடம் கற்போம், நம் தமிழையும் அவர்களுக்குச் சொல்வோம், அண்டை அறையிலிருந்தே நம் தூதைத் தொடங்குவோம்.